கச்சா எண்ணெயும் மண்ணெண்ணெயும்



மண்ணெண்ணெய் என்னும் பெயரைச் சற்றுப் பிரித்துச் சொல்லிப் பாருங்கள். மண், எண்ணெய். மண்ணிலிருந்து கிடைக்கும் எண்ணெய் என்பது பொருள். மலாய்க்காரர்களும் அவ்வாறே 'மினியாக் தானா' என்கின்றனர். தானா என்றால் மண். இந்தப் பெயரைக் கேட்டு, பூமியைத் துளைத்தால் மண்ணெண்ணெய் ஊறி வரும், அதைத் தகரத்தில் பிடித்துக் கடைக்கு அனுப்புகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே பலர். படித்தவர்களிலும் உண்டு. பூமியிலிருந்து வருவது வேறு. கடையில் கிடைப்பது வேறு. முன்னதற்குக் கச்சா எண்ணெய் என்று பெயர். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன, அது நம் அடுப்படியில் எப்படி உயிரோடு சம்பந்தப்பட்ட காரியமாகிறது என்பதையே இன்று பேசப் போகிறோம்.

'கச்சா' என்றால் பக்குவம் செய்யப்படாதது. மலாயில் 'மினியாக் மெந்தா' என்பர். வேகாத காய்க்கும் மெந்தா என்றுதான் சொல்வார்கள். கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு இத்தனை அமெரிக்க வெள்ளி என்று செய்தியில் அடிக்கடி கேட்கிறோம். எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "அதை எந்தக் கடையில் சார் விற்கிறார்கள்? நான் பார்த்ததே இல்லையே" என்று கேட்டான். கெட்டிக்காரப் பிள்ளை. அதை எந்தக் கடையிலும் விற்பதில்லை. வாங்கினாலும் வீட்டில் அதனால் ஆகும் காரியம் ஒன்றுமில்லை. பெரும்பாலும் கரும்பழுப்பு நிறம். சில இடத்து எண்ணெய் பச்சை கலந்தும் இருக்கும். ஓரிடத்தில் தண்ணீர்போல் ஓடும். வேறோரிடத்தில் வெல்லப்பாகுபோல் அசைய மாட்டாது. உப்பு நீரும் சேறும் கந்தகமும் அதனுடன் கலந்தே வரும். நாற்றத்துக்கும் குறைவில்லை.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமன்று. காலையில் மரம் வெட்டி, மங்கிலிருந்து வாளியில் சேர்க்கும் பாலை யாராவது டயர் என்று சொல்வாரா? அந்தப் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் ரப்பர். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். வடிகட்டி, திராவகம் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைக்கூடத்தில் காய வைத்த பிறகே அது ரப்பர் என்னும் பெயருக்கு உரியதாகிறது. செம்பனையை எடுத்துக்கொண்டால் உவமை இன்னும் நெருங்கி வரும். மில்லில் குலையை ஆவியில் வேக வைத்துப் பிழிந்ததும் வரும் எண்ணெய் இரத்தச் சிவப்பு. அதன் பெயரே கச்சா செம்பனை எண்ணெய். நம் சமையலறைப் போத்தலில் இருப்பதோ பொன்னிறம். நிறத்தையும் வாடையையும் நீக்கிய பின், அந்த எண்ணெயை மெல்லக் குளிர வைப்பார்கள். ஒரு பகுதி மணிமணியாய் உறைந்து கீழே படியும். ஒரு பகுதி திரவமாகவே நிற்கும். திரவப் பகுதி சமையலுக்கு. உறைந்த பகுதி மார்ஜரினுக்கும் சோப்புக்கும். செம்பனை எண்ணெயைக் குளிர வைத்துப் பிரிக்கிறோம்; பூமியின் கச்சா எண்ணெயைச் சுட வைத்துப் பிரிக்கிறோம்.

பிரிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? கச்சா எண்ணெய் ஒரே பொருளன்று. நூற்றுக்கணக்கான பொருள்களின் கலவை. எல்லாம் கரியணுவும் ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்தவையே. கரியணுக்களைப் பூவாகவும் அவை கோத்து நிற்பதைச் சரமாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முதல் நான்கு பூ வரை கோத்த சரம் வாயுவாகப் பறந்துவிடும்; நம் கேஸ் தோம்பில் இருப்பது மூன்று பூ, நான்கு பூச் சரங்கள். ஐந்திலிருந்து பத்துப் பன்னிரண்டு வரை பெட்ரோல். பத்திலிருந்து பதினாறு வரையில் மண்ணெண்ணெய். அதற்கு மேல் இருபதை ஒட்டி டீசல். அதையும் தாண்டினால் இயந்திரத்துக்கு இடும் மசகு எண்ணெய், மெழுகு, கடைசியில் தார். ஓரங்களில் ஒன்றன் எல்லை மற்றதில் புகுந்திருக்கும்; வரப்பு வைத்த வயல் மாதிரி துல்லியமாக இராது. குட்டைச் சரங்கள் ஒன்றோடொன்று சிக்குவதில்லை. லேசாகச் சூடு கண்டாலே ஆவியாகப் பிரிந்து ஓடிவிடும். நீளச் சரங்கள் பின்னிக் கிடக்கும். அவற்றைக் கிளப்பப் பெருஞ்சூடு வேண்டும். இந்த ஒரு குணத்தின் மேல்தான் எண்ணெய்த் தொழில் முழுவதும் நிற்கிறது.

இவையெல்லாம் பூமிக்குள் எப்படி வந்தன? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலிலும் ஏரியிலும் கழிமுகத்திலும் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களும் செடிகொடிகளும் சேற்றில் புதைந்து, மேலே மேலே மண் மூடி, சூட்டிலும் அழுத்தத்திலும் எண்ணெயாக மாறின. அது நீண்ட கதை. வேறொரு நாள் பேசலாம்.

நம் நாட்டில் இந்த எண்ணெய் முதலில் தொழிலாகத் தலைகாட்டிய இடம் சரவாக்கிலுள்ள மிரி. அங்கே நிலத்தில் தானாகவே கசிந்து வரும் எண்ணெயை மக்கள் வெகு காலமாகவே கையால் கிணறு தோண்டி எடுத்துவந்தனர். 1882ஆம் ஆண்டில் அப்பகுதியின் ரெசிடெண்டாக இருந்த ஆங்கில அதிகாரி அப்படிப்பட்ட கிணறுகள் 18 இருப்பதாகக் குறித்து வைத்தார். அந்த எண்ணெயைப் படகின் இடுக்குகளை அடைக்கவும் விளக்கெரிக்கவும் பயன்படுத்தினார்கள். பின்னர் ஷெல் நிறுவனத்தார் 1910 ஆகஸ்டில் கனடா குன்றின் மேல் மரத்தாலான கோபுரம் எழுப்பித் துளைக்கத் தொடங்கி, அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள் எண்ணெய் கண்டனர். தொடக்கத்தில் நாளொன்றுக்கு 83 பீப்பாய். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். ஆக, நாளுக்குப் பதின்மூவாயிரம் லிட்டர். 'கிராண்ட் ஓல்ட் லேடி', அதாவது மூத்த பெருமாட்டி, என்று அந்தக் கிணற்றுக்குச் செல்லப் பெயர். 1972 அக்டோபர் 31ஆம் நாள் அதை மூடும் வரை ஏறத்தாழ ஆறரை இலட்சம் பீப்பாய் கொடுத்து ஓய்ந்தாள் அந்தப் பெருமாட்டி. குன்றின் மேல் இப்போது எண்ணெய் அருங்காட்சியகம் இருக்கிறது.

பர்மாவிலும் அப்படித்தான். ஐராவதி ஆற்றங்கரையில் ஏனாஞ்சாங் என்று ஓர் ஊர். 'நாற்றநீர் ஓடை' என்பது பெயரின் பொருள். பெயர் வைத்தவர் மூக்கை நம்பி வைத்திருக்கிறார். 1795இல் ஆவா அரசனிடம் தூது சென்ற மைக்கேல் சைம்ஸ் என்பவர் அந்த ஊர் எண்ணெய்க் கிணறுகளைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இதைக் கேட்டதும் ஒரு சந்தேகம் வரும். மிரியிலும் பர்மாவிலும் கச்சா எண்ணெயிலேயே விளக்கெரித்தார்கள் என்றால், பிரித்தெடுப்பது எதற்கு? எரித்தார்கள், உண்மை. திறந்த வெளியில், பந்தம்போல். கரும்புகை கக்கும், நாற்றம் அடிக்கும். அதே எண்ணெயை நம் வீட்டு விளக்கில் ஊற்றினால் இரண்டு கேடுகள் நேரும். நீளச் சரங்கள் திரியில் ஏற முடியாமல் அடைத்துக்கொண்டு கரியாகும். குட்டைச் சரங்களோ விளக்கின் வயிற்றிலேயே ஆவியாகி நிறைந்து, சுடர் தொட்டதும் வெடிக்கும். நடுவில் உள்ளவை மட்டுமே திரியில் ஒழுங்காக ஏறி அமைதியாக எரியும். அந்த நடுப்பகுதியே மண்ணெண்ணெய். மேலிருந்து வெடிக்கும் பகுதியையும், கீழிருந்து புகையும் பகுதியையும் நீக்கி எஞ்சியது அது. ஒரு சொட்டு மண்ணெண்ணெய்கூடப் பூமியில் தனியாகக் கிடப்பதில்லை.

பிரிக்கும் வித்தை புதிதன்று. அரிசி உலை கொதிக்கையில் மூடியைத் தூக்கினால் அதன் உட்புறம் நீர்த்துளிகள் கோத்திருக்கும். உலையிலிருந்து ஆவியாக எழுந்தது மூடியில் பட்டுக் குளிர்ந்து நீராயிற்று. அரிசி கீழேயே நின்றுவிட்டது. சாராயம் காய்ச்சுவதும் இதே முறைதான். சாராயச் சத்து 78 பாகையில் கொதிக்கும், தண்ணீர் 100 பாகையில். முந்தியதை முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். (தோட்டப்புறத்தில் இந்தப் பாடத்தை எங்களைவிட நன்றாக நடத்தக்கூடியவர்கள் முன்பு இருந்தார்கள். போலீசுக்கும் அவர்களைத் தெரியும்.)

சுத்திகரிப்பு ஆலையில் பானைக்குப் பதில் வானளாவிய இரும்புக் கோபுரம். கச்சா எண்ணெயை முதலில் நீரால் கழுவி உப்பைப் போக்குவார்கள். பிறகு உலைக்குள் வளைந்து செல்லும் குழாய்களில் ஓட விட்டு 350 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குவார்கள். பெரும்பகுதி ஆவியாகிவிடும். ஆவியும் திரவமும் கலந்த அந்தக் கொதிகலவையைக் கோபுரத்தின் அடிப்பகுதியில் விடுவார்கள். கோபுரம் அடியில் கடுஞ்சூடு. உயர உயரச் சூடு குறையும். குனோங் ஜெராய் மலையை நினைத்துக்கொள்ளுங்கள். குரூணில் வேர்த்துக் கொட்டும்; மலையுச்சியில் போர்வை தேடுவோம். ஆவிகள் மேலே ஏறுகின்றன. ஏறும் வழியில் அடுக்கடுக்காகத் தட்டுகள். ஒவ்வோர் ஆவியும் தனக்கேற்ற குளிர்ச்சி வந்த தட்டில் திரவமாகி இறங்கிவிடுகிறது. டீசல் கீழ்த் தட்டுகளில் இறங்கிவிடும். அதற்கு மேலே, ஏறத்தாழ 150 முதல் 275 பாகை வரை கொதிக்கும் கூட்டம் மண்ணெண்ணெயாக இறங்கும். பெட்ரோலுக்குரியது உச்சி வரை போய், வெளியே சென்று, குளிர்கலத்தில்தான் திரவமாகும். வாயு அதற்கும் இறங்காது. அடியில் ஆவியாகாமல் தங்கியதை மறுபடியும் வேறொரு கோபுரத்தில் காய்ச்சினால், முடிவில் மிஞ்சுவது தார். சுங்கை பட்டாணியிலிருந்து கோத்தா கோலா மூடாவுக்கு வரும் சாலையின் கறுப்பு, அந்தக் கோபுரத்தின் அடிமண்டிதான்.

இறங்கியது அப்படியே கடைக்கு வருவதில்லை. கந்தகத்தை நீக்க வேண்டும். இல்லாவிடில் எரியும்போது கண்ணும் தொண்டையும் எரியும். பழங்காலத்தில் கந்தக அமிலத்தாலும் காரத்தாலும் கழுவினார்கள். இன்று ஹைட்ரஜன் வாயுவைக் கொண்டு கந்தகத்தை இழுத்துவிடுகிறார்கள். இன்னொன்றும் உண்டு. உலகத்தில் கார்கள் பெருகியபின், கச்சா எண்ணெயில் இயல்பாக இருக்கும் பெட்ரோல் போதவில்லை. நீளச் சரத்தைச் சூட்டாலும் அழுத்தத்தாலும் அறுத்துக் குட்டைச் சரமாக்கும் முறைக்கு 1913இல் அமெரிக்காவில் வில்லியம் பர்ட்டன் காப்புரிமை பெற்றார். ஆகவே இன்று பிரிப்பதோடு மட்டும் ஆலையின் வேலை முடிவதில்லை.

நம் நாட்டில் முதல் ஆலை 1914இல் மிரியில் எழுந்து, பின்னர் அருகிலுள்ள லூத்தோங்குக்கு மாறியது. தீபகற்பத்தில் போர்ட்டிக்சன் ஆலைகள் 1960களில் தொடங்கின. 1974 ஆகஸ்டு 17ஆம் நாள் பெட்ரோனாஸ் அமைக்கப்பட்டது. அதன் முதல் ஆலை 1983இல் திரெங்கானுவின் கெர்த்தேயிலும், அடுத்தது 1994இல் மலாக்காவிலும் வேலை தொடங்கின. திரெங்கானு கடலில் கிடைக்கும் தாப்பிஸ் எண்ணெய், கந்தகம் மிகக் குறைந்த இலேசான எண்ணெய் என்று உலகச் சந்தையில் பெயரெடுத்தது. நம் முன்னோர் கப்பலேறிய நாகப்பட்டினத்தின் பக்கத்திலும் எண்ணெய் உண்டு: நரிமணத்து எண்ணெய்க்காகப் பனங்குடியில் 1993இல் ஒரு சிறு ஆலை வந்தது. சென்னைக்கு அருகில் மணலியில் 1969லேயே பெரிய ஆலை இயங்கத் தொடங்கிவிட்டது.

மண்ணெண்ணெய் பிறந்த கதைக்கு வருவோம். கனடாவைச் சேர்ந்த ஆபிரகாம் கெஸ்னர் அதை முதலில் நிலக்கரி வகைகளிலிருந்து காய்ச்சி எடுத்தார்; மெழுகு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து கெரசின் என்னும் பெயரைக் கட்டியவரும் அவரே. கசிந்து வந்த கச்சா எண்ணெயிலிருந்து அதைக் காய்ச்சி எடுத்து, அதற்கேற்ற விளக்கையும் செய்வித்தவர் போலந்து நாட்டு மருந்துக்கடைக்காரர் இக்னாசி லூக்கசிவிச். 1853 ஜூலை 31ஆம் நாள் இரவு, இன்று உக்ரேனில் உள்ள லிவீவ் நகரத்து மருத்துவமனையில், அவசர அறுவைச் சிகிச்சை ஒன்று அந்த விளக்கொளியில் நடந்தது. 1859 ஆகஸ்டு 27ஆம் நாள் அமெரிக்காவில் எட்வின் டிரேக் என்பவர் 69 அடி ஆழம் துளைத்து எண்ணெய் கண்டபோது, அவர் தேடியதும் காருக்கு எண்ணெயன்று. அப்போது கார் ஏது? விளக்குக்கு எண்ணெய்.

அந்த எண்ணெய் நம் பக்கத்துக்கு அமெரிக்காவிலிருந்து தகரங்களில் வந்தது. மரப்பெட்டிக்கு இரண்டு தகரம். ரஷ்ய எண்ணெயைத் தகரமில்லாமல், கப்பலின் வயிற்றிலேயே நிரப்பிக் கொண்டுவந்தால் மலிவாக விற்கலாம் என்று கணக்குப் போட்டவர் இலண்டன் வணிகர் மார்க்கஸ் சாமுவேல். அவருடைய மியூரெக்ஸ் என்னும் கப்பல் 1892 ஆகஸ்டில் சூயஸ் கால்வாயைக் கடந்து கிழக்கே வந்தது. எண்ணெயை இறக்கி வைக்கச் சிங்கப்பூரை ஒட்டிய புக்கோம் தீவில் தொட்டிகள் கட்டியிருந்தார். எண்ணெய் வந்தது, வாங்கத்தான் ஆளில்லை. மக்கள் பாத்திரம் கொண்டுவந்து ஊற்றிச் செல்வார்கள் என்று அவர் எண்ணியிருந்தார். மக்களோ தகரத்தோடு வேண்டும் என்றார்கள். தகரம் அவர்களுக்கு வாளி, அண்டா, கூரை, எல்லாம். கடைசியில் அவரும் தகரம் செய்யத் தொழிற்கூடம் வைக்க வேண்டியதாயிற்று. அமெரிக்கக் கம்பெனியின் தகரம் நீலம். இவருடையது பளிச்சென்ற சிவப்பு. தோட்டத்து லயங்களில் தண்ணீர் தூக்கிய மண்ணெண்ணெய்த் தகரத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறோம். அந்த முதல் காலத்தில் பெட்ரோலுக்கு விலையே கிடையாது. மண்ணெண்ணெயைப் பிரிக்கும்போது கூடவே வந்துவிடும் வேண்டாத பொருள் அது. ஆற்றிலும் குழியிலும் கொட்டினார்கள். சில வியாபாரிகள் கொட்டுவானேன் என்று மண்ணெண்ணெயிலேயே கலந்து விற்றார்கள். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. விளக்குகள் வெடித்தன. 1870களில் அமெரிக்காவில் இவ்வாறு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் மாண்டதாகக் கணக்குச் சொன்னார்கள். பெரும்பாலும் விளக்கேற்றும் பெண்களும் அருகில் இருந்த பிள்ளைகளும். இதன் விளைவாகத்தான் மண்ணெண்ணெய்க்குச் சட்டமும் சோதனையும் வந்தன.

சோதனை இதுதான். எண்ணெயை மூடிய கிண்ணத்தில் மெல்லச் சூடாக்கி, அவ்வப்போது சிறு சுடரை அதன் ஆவிக்குக் காட்டுவார்கள். எந்தச் சூட்டில் ஆவி பளிச்சென்று பற்றுகிறதோ, அதுவே அந்த எண்ணெயின் தீப்பற்று நிலை. பிரிட்டனில் 1879ஆம் ஆண்டுச் சட்டம் இந்த அளவை 73 பாகை ஃபாரன்ஹீட் என்று வைத்தது. செல்சியஸில் சுமார் 23. குளிர்நாட்டுக்கு அது சரி. நம்மூரில் விடியற்காலையிலேயே 23ஐத் தாண்டிவிடுகிறது! இன்று வீட்டு மண்ணெண்ணெய்க்குப் பொதுவாகக் கொள்ளும் கீழெல்லை 38 பாகை செல்சியஸ். டீசலுக்கு 50க்கும் மேல். பெட்ரோலுக்கு எவ்வளவு தெரியுமா? சுழிக்குக் கீழே 40 பாகை அளவில்.

இந்த எண்களை நம் வாசலில் வைத்துப் பாருங்கள். கோத்தா கோலா மூடாவில் உச்சி வெயில் 32, 33 பாகை. மண்ணெண்ணெய்க் கிண்ணத்தின் மேல் அந்தச் சூட்டில் பற்றக்கூடிய அளவு ஆவி இராது. திரி வைத்து இழுத்தால்தான் எரியும். பெட்ரோலோ இரவிலும் மழையிலும் ஓயாமல் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனம். கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து, எட்டி இருக்கும் அடுப்பையோ சாமிவிளக்கையோ தேடிப் போய்த் தீயைக் கூட்டிக்கொண்டு திரும்பும். மண்ணெண்ணெயில் சிறிதளவு பெட்ரோல் கலந்தாலும் போதும். 38 என்னும் காவல் சரிந்துவிடும்.

இன்று மண்ணெண்ணெய் அடுப்பு பெரும்பாலான வீடுகளில் இல்லை, கேஸ் வந்துவிட்டது. ஆனால் பெட்ரோல் வீட்டுக்குள் வந்திருக்கிறது. புல்வெட்டும் இயந்திரத்துக்கு ஒரு போத்தல், ஆற்று முகத்தில் சம்பானில் போகிறவர் மோட்டாருக்கு ஒரு தோம்பு. அது சமையலறை மூலையில், பழைய மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இரண்டும் ஒரே மாதிரியான பிளாஸ்டிக் போத்தல். மின்சாரம் தடைப்பட்ட இரவில், இருட்டில், கிழவி ஒருத்தி எதை எடுத்து விளக்கில் ஊற்றுவாள்? இந்தக் கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும் இன்றே கேட்டுக்கொள்வது நல்லது. பெட்ரோலை வீட்டுக்கு வெளியே, அதற்கென்று உள்ள கலனில், பெயரெழுதி வையுங்கள். குப்பை எரிப்பவர்களுக்கும் ஒரு சொல். ஈரச் சருகு பிடிக்கவில்லை என்று பெட்ரோலைத் தெளித்துவிட்டு, தீப்பெட்டியைத் தேடி வீட்டுக்குள் போய் வருகிறோம். போய் வந்த நேரத்தில் ஆவி நாலாபுறமும் பரவிவிடுகிறது. குச்சியைக் கிழித்ததும் பற்றுவது சருகு அல்ல. நாம் நிற்கும் இடம்.

எண்ணெய் நெருப்பில் தண்ணீரைக் கொட்டக் கூடாது. எண்ணெய் தண்ணீரைவிட இலேசு. ஆற்று முகத்துப் படகுத்துறையில் வானவில் நிறத்தில் டீசல் மிதப்பதைப் பார்த்திருக்கிறோமே, அதுபோல எரிந்தபடியே மிதந்து பரவும். மணலைப் போடுங்கள், அல்லது நனைத்துப் பிழிந்த சாக்கால் மூடுங்கள். தீ பெரிதாக இருந்தால் பிள்ளைகளை வெளியேற்றிவிட்டு 999க்கு அழைத்துப் பொம்பாவை வரச் சொல்லுங்கள்.

சிறு குழந்தை தாகத்தில் மண்ணெண்ணெயையோ பெட்ரோலையோ குடித்துவிட்டால், நம் பாட்டிமார் உப்புத் தண்ணீரைக் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பார்கள். வேண்டாம். வயிற்றில் இருப்பதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து. வாந்தி எடுக்கையில்தான் அது மூச்சுக்குழாயில் இறங்கும். சில மணி நேரத்தில் நெஞ்சு அடைத்து மூச்சுத் திணறும். வாயில் எதையும் ஊட்டாமல், விரலை விடாமல், போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஆரஞ்சு குடித்த போத்தலில் எண்ணெய் ஊற்றி வைக்காமல் இருந்தால் இந்த ஓட்டமே தேவைப்படாது.

கலப்படம் பிற்காலத்தில் தலைகீழாயிற்று. இந்தியாவில் ஏழைகளுக்காக நியாயவிலைக் கடையில் மலிவாகக் கொடுத்த மண்ணெண்ணெயைக் கள்ளத்தனமாக வாங்கி, விலை கூடிய பெட்ரோலிலும் டீசலிலும் கலந்தார்கள். கண்டுபிடிப்பதற்காக நியாயவிலை மண்ணெண்ணெயில் நீலச் சாயம் சேர்த்தது அரசு. சாயத்தையும் மீறிக் கலப்படம் நடந்தது. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இளம் அதிகாரி சண்முகம் மஞ்சுநாத், உத்தரப் பிரதேசத்தில் கலப்படம் செய்த பம்பு ஒன்றுக்கு முத்திரை வைத்ததற்காக 2005 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழையின் அடுப்புக்குப் போக வேண்டிய எண்ணெய்க்காக ஓர் உயிர் போயிற்று. குற்றவாளிகளுக்கு நீதிமன்றம் தண்டனை விதித்தது.

விலையைப் பற்றியும் கேட்பீர்கள். கச்சா எண்ணெய் விலை உலகச் சந்தையில் நாள்தோறும் ஏறி இறங்கினாலும், நம் பம்பில் அது உடனே தெரியாதபடி நெடுங்காலம் அரசு மானியம் தாங்கி வந்தது. 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் மானியத்தை மாற்றியமைத்தபோது, லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்குத் தாவியது. கச்சா எண்ணெய் என்று ஒன்று இருப்பதே பலருக்கு அன்றுதான் நினைவுக்கு வந்தது. அந்த டீசலில் நம் உழைப்பும் கொஞ்சம் இருக்கிறது என்பதை அறிவீர்களா? 2019 பிப்ரவரி முதல் நாட்டில் வாகனங்களுக்கு விற்கும் டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை செம்பனையிலிருந்து செய்த எரிபொருளைக் கலக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நூறு லிட்டரில் பத்து லிட்டர் பூமியிலிருந்து வந்ததன்று. குலை வெட்டியவர் தோளிலிருந்து வந்தது.

மண்ணெண்ணெய் நம் சமையலறையை விட்டுப் போனாலும் அழிந்துவிடவில்லை. பட்டர்வொர்த் தளத்திலிருந்து இரைச்சலோடு நம் கூரைக்கு மேல் பறக்கும் ஜெட் விமானங்களும், பாயான் லெப்பாசில் ஏறும் பயணிகள் விமானங்களும் எரிப்பது மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த எண்ணெயே. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் வெளியே கடுங்குளிர். டீசலானால் மெழுகாய் இறுகும். பெட்ரோலானால் அங்கே காற்றழுத்தம் குறைந்ததும் ஆவியாகத் துடிக்கும். நடுப்பகுதிதான் இரண்டையும் தாங்குகிறது. பயணிகள் விமான எண்ணெய்க்கு இரண்டு நிபந்தனைகள் முக்கியமானவை. ஒன்று, சுழிக்குக் கீழே 47 பாகை வரை அது உறையக் கூடாது. மற்றொன்று, 38 பாகைக்குக் கீழே அதன் ஆவி தீப்பற்றக் கூடாது. இந்த 38, பாட்டி விளக்கில் ஊற்றிய எண்ணெய்க்கு நாம் சொன்ன அதே 38தான்.